ஆடாத கோணம்

தங்கபுஷ்பத்துக்குக் கோபம் வந்தால் அருவிச் சத்தம்கூடக் கொஞ்சம் அடங்கித்தான் கேட்கும் என்று பரோட்டா மாஸ்டர் இசக்கிப்பாண்டி சொல்வான். பதினாறு வருஷமாக அவள் கடைக் கல்லில் பரோட்டா போடுகிறவன், அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுடைய கோபம் முழுக்க ஆறு சதுர மர மேசைகள் மேல் இருந்தது. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஓடையை ஒட்டி இருக்கிற அவள் ஓட்டலில் மொத்தமே ஆறு மேசைதான். ஆறும் ஆடின.

"சொல்லி வச்ச மாதிரில்லா ஆடுது, சனியன்" என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். "ஒரு மணிக்கு அண்ணாச்சி வந்திருவாவ. வந்து உக்காந்து கைய ஊணுனா என் பிழைப்பு நாறிப்போவும்."

அண்ணாச்சி என்றால் ஆவுடைநாயகம். அவளுடைய ஒரே மகள் மாரிச்செல்வியைக் கடையத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறாள், அந்த வீட்டு மாமனார். நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்த மனுஷருக்கு எது கோணலாகக் கிடந்தாலும் கை அரிக்கும். வேட்டி மட்டும் எப்போதும் பளீர் வெள்ளை.

போன ஆடியில் தலையாடி விருந்துக்கு வந்தவரை வீட்டில் இடம் போதாது என்று கடையில் உட்கார வைத்ததுதான் தங்கபுஷ்பம் செய்த தப்பு. அவர் முழங்கையை ஊன்றினார், மேசை ஒரு பக்கம் சாய்ந்தது, கிண்ணத்துச் சால்னா அப்படியே வேட்டி மடியில் இறங்கியது. ஆவுடைநாயகம் கத்தவில்லை. எழுந்து நின்று, "சம்பந்தியம்மா, இந்த மேசை ஆட்டத்தை நிறுத்துத அன்னைக்குச் சொல்லி விடுங்க, வாறேன். அதுவரைக்கும் உங்க வாசல்ல கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். கத்தியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

இப்போது மாரிச்செல்விக்கு ஏழாம் மாசம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது ஊரறிந்த வழக்கம். ஆனால் கை நனைக்காத வீட்டுக்கு மருமகளை எப்படி அனுப்புவது என்று மாமனார் ஒரு கேள்வி போட்டுவிட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது என்று நாலு பேர் சொன்னதுதான் தங்கபுஷ்பத்துக்கு இன்னும் எரிச்சல். மருமகன்தான் அப்பாவைத் தாஜா செய்து, "சீசனுக்கு ஐந்தருவியில் ஒரு குளியல், அப்படியே அத்தை கடையில் ஒரு வாய்" என்று இன்றைக்குக் கூட்டி வருகிறான். தங்கபுஷ்பத்தின் புருஷன் காலையிலேயே போய் அவர்களோடு சேர்ந்துகொண்டார். மகள் அம்மா கையால் வடித்த சோறு தின்று, அம்மா பக்கத்தில் படுத்துப் பிள்ளை பெற வேண்டும். தங்கபுஷ்பத்துக்கு வேறு ஆசை இல்லை. அது இப்போது ஆறு மேசைகளின் இருபத்திநாலு கால்களில் வந்து நிற்கிறது.

இசக்கிப்பாண்டி அட்டையை மடித்து ஒரு காலுக்கடியில் செருகினான்.

"ஏ இசக்கி, எத்தனை சீசன் பாத்திருக்க? ஈரத்துணியோட நாலு பேரு உள்ள வந்தா உன் அட்டை கூழாப் போவும்."

அதுவும் சரிதான். குற்றாலத்தில் ஓட்டல் தரை காய்ந்திருந்தால் வியாபாரம் படுத்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த நேரத்தில்தான் முஹ்ஸினா உள்ளே வந்தாள். கடையநல்லூர்க்காரி, ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறவள். சீசன் தொடங்கிவிட்டால் சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுவாள். அருவிக்கு வருகிறாளா பரோட்டாவுக்கு வருகிறாளா என்பது இன்றுவரை தீராத வழக்கு. வந்தால் சும்மா சாப்பிட்டுப் போக மாட்டாள், எதையாவது கொளுத்திப் போட்டுவிட்டுத்தான் போவாள். போன சீசனில், இருபத்திமூன்று பேர் ஒரு இடத்தில் கூடினால் அதில் இரண்டு பேருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்றாள். இசக்கிப்பாண்டி நம்பாமல், வேனில் வந்து இறங்கிய கோவில்பட்டிக் கூட்டத்தில் ஆள் ஆளாகப் போய்ப் பிறந்தநாள் கேட்டு, நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டான். ஆனால் இரண்டு பேருக்கு நவம்பர் நாலு. அன்றிலிருந்து அவள் பேச்சை எடுத்தால் அவன் கொஞ்சம் பயந்துதான் கேட்பான்.

"என்னக்கா, மேசையோட மல்லுக்கட்டுதீய?" என்றாள் முஹ்ஸினா.

தங்கபுஷ்பம் விஷயத்தைச் சொன்னாள். கேட்கக் கேட்க முஹ்ஸினாவின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறாளே என்று தங்கபுஷ்பத்துக்கு எரிந்தது.

"அக்கா, இதுக்கு அட்டையும் வேண்டாம், ஆசாரியும் வேண்டாம். மேசை நிக்கித இடத்துலயே மெல்லத் திருப்புங்க. கால்வாசிச் சுத்துக்குள்ள எங்கனயோ ஒரு கோணத்துல ஆடாம நிக்கும். நின்னே ஆவணும்."

"தரை மேடும் பள்ளமுமாக் கிடக்கே?"

"கிடக்கட்டும். படி மாதிரி வெட்டுக்கிட்டு இல்லாம வழுவழுன்னு ஏறி இறங்குனாப் போதும். உங்க தரை அப்படித்தானே இருக்கு?"

தரை அப்படித்தான் இருந்தது. பாறை மேலேயே சிமெண்டைப் பூசிய தரை, எங்கே தண்ணீர் ஊற்றினாலும் தன் இஷ்டத்துக்கு ஓடும்.

"அதெப்படி நின்னே ஆவணும்? கணக்கு வந்து மேசையைப் பிடிச்சுக்கிடுமோ?" என்றான் இசக்கிப்பாண்டி.

முஹ்ஸினா ஒரு மேசையை அமுக்கிக் காட்டினாள். "மேசை ஆடும்போதுகூட மூணு கால் தரையிலதான் இருக்கும். நாலாவதுதான் அந்தரத்துல நிக்கும். அந்த மூணையும் தரையை விட்டு எடுக்காம, கால்வாசி சுத்திக் கொண்டு போறோம்னு வச்சுக்கோங்க. அங்கன போனா நிலைமை தலைகீழா மாறிரும். இந்த நாலாவது கால் தரைக்குள்ள புதைஞ்சாத்தான் மத்தது நிக்கும்னு வரும். தரைக்கு மேல இருந்தது தரைக்குக் கீழ போகணும்னா..."

"நடுவுல ஒரு இடத்துல தரையைத் தொட்டுட்டுத்தானே போவணும்" என்று முடித்தாள் தங்கபுஷ்பம். "பச்சத்தண்ணி கொதிக்கணும்னா இளஞ்சூட்டைத் தாண்டாம கொதிச்சிருமா? இதைச் சொல்லதுக்கு ஒரு காலேஜா?"

"அக்கா, இதை என் பிள்ளைகளுக்குப் புரிய வைக்க எனக்கு ரெண்டு வகுப்பு ஆச்சு" என்றாள் முஹ்ஸினா. பிறகு குரலைத் தாழ்த்தி, "பேப்பர்ல எழுதிக் காட்டியிருக்கேனே தவிர நேர்ல செஞ்சு பாத்ததில்லை" என்று ஒத்துக்கொண்டாள்.

மூன்று பேரும் முதல் மேசையைப் பிடித்தார்கள். மெல்லத் திருப்பினார்கள், அமுக்கினார்கள். ஆடியது. இன்னும் கொஞ்சம் திருப்பினார்கள். ஆடியது. கால்வாசிச் சுற்று முடிந்தது, அரைச் சுற்றும் முடிந்தது, கடைசியில் முழுச் சுற்றும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்று, மேசை முன்னைப் போலவே ஆடியது. அடுத்த மேசையும் அதே கூத்து.

"கோயிலைச் சுத்தியிருந்தாலாவது புண்ணியம் கிடைச்சிருக்கும்" என்றான் இசக்கிப்பாண்டி.

முஹ்ஸினாவின் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் அவள் விட்டுவிட்டுப் போகிற ரகம் இல்லை. மேசைக்கடியில் குனிந்தாள், இன்னும் குனிந்தாள், கடைசியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, இந்தக் கால் எல்லாம் ஒரே நீளம்தானே?"

தங்கபுஷ்பம் அடுப்பைப் பார்த்தாள். இசக்கிப்பாண்டி கூரையைப் பார்த்தான்.

"அக்கா?"

"அது வந்து..." என்று இழுத்தாள் தங்கபுஷ்பம். போன ஆடியில் சால்னா கொட்டிய மறுநாளே அவள் தென்காசிக்குப் போய் ஒரு ரம்பம் வாங்கி வந்தாள். எந்த மேசை எந்த இடத்தில் எப்படி ஆடுகிறதோ, அந்த இடத்துக்குத் தக்கபடி மேட்டில் நின்ற கால்களைத் தன் கையாலேயே அறுத்தாள். எல்லாம் கல்லாக நின்றன. சம்பந்திக்குச் சொல்லி விடத்தான் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் மலையில் பெய்த மழைக்கு ஓடை பெருகி, கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. மேசைகளையெல்லாம் தூக்கிச் சாலையில் போட்டார்கள். திரும்ப உள்ளே கொண்டுவந்தபோது எது எந்த இடத்து மேசை என்று யாருக்கும் தெரியவில்லை.

கேட்டதும் முஹ்ஸினாவுக்கு உயிர் வந்தது. "அப்பம் கணக்கு தப்பில்லை, மேசைதான் தப்பு! தரை எவ்வளவு கோணலா இருந்தாலும் பரவாயில்லை, மேசைக் கால் நாலும் சமமா இருக்கணும். அதை வச்சுத்தான் எல்லாமே."

"இப்பம் கணக்கை ஜெயிக்க வச்சு நான் என்ன செய்ய?" என்றாள் தங்கபுஷ்பம். "எந்த மேசை எந்த இடம்னு கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லு."

முஹ்ஸினா பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினாள். "ஆறு மேசையை ஆறு இடத்துல எழுநூத்தி இருபது விதமாப் போடலாம். ஒவ்வொண்ணையும் நாலு பக்கம் திருப்பலாம். மொத்தம் இருபத்தொம்பது லட்சத்துச் சொச்சம். நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு பாத்தா அஞ்சரை வருஷம் ஆவும்."

"பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்துக்கே போயிரும்" என்றான் இசக்கிப்பாண்டி.

"இருங்க, இருங்க. எல்லாத்தையும் சேத்து ஏன் பாக்கணும்? ஒரு மேசை, ஒரு இடம், ஒரு பக்கம்னு தனித்தனியாப் பாத்தா நூத்தி நாப்பத்தி நாலு தடவைதான்."

அஞ்சரை வருஷம் இரண்டரை மணி நேரமாகச் சுருங்கியதில் இசக்கிப்பாண்டிக்கு ஒரே மரியாதை வந்துவிட்டது. அவனும் முஹ்ஸினாவும் மேசையைத் தூக்கி இடம் மாற்றி வைக்கத் தொடங்கினார்கள். பன்னிரண்டு தடவை வைத்தார்கள், ஒன்றும் நிற்கவில்லை. பதிமூன்றாவது தடவை தூக்கும்போது தங்கபுஷ்பம் தலையில் கை வைத்தாள்.

"ஏ இசக்கி, வெள்ளம் போன பொறவு கொத்தனாரைக் கூப்புட்டுத் தரையைப் புதுசாப் பூசுனோம்ல? பழைய மேடும் பள்ளமும் எங்கனலே இருக்கு? இல்லாத இடத்தைத் தேடிக்கிட்டு இருக்கோம்."

இரண்டு பேரும் மேசையைக் கீழே வைத்தார்கள். மேசை ஆடியது.

மணி பதினொன்றே முக்கால். தங்கபுஷ்பம் உள்ளே போய் ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆனால் கை வரவில்லை. இடத்துக்கு இடம் பார்த்து, இடுப்பு நோக ஒரு வாரம் அறுத்த கால்கள். இன்னும் அறுத்து, அதுவும் நிற்காமல் போனால் சம்பந்தியைத் தரையில்தான் உட்கார வைக்க வேண்டும். "ஏட்டி, நிச்சயமா நிக்குமா? எம்மக வாழ்க்கை விஷயம்" என்றாள்.

"நாலும் சமம்னா நிக்கும்க்கா. மட்டமா நிக்கும்னு சொல்ல மாட்டேன், சாய்வா இருந்தாலும் இருக்கும். ஆனா ஆடாது."

"சாஞ்சா சாயட்டும். ஆடாம இருந்தாச் சரி."

மேசையைக் கவிழ்த்துப் போட்டார்கள். இருப்பதிலேயே குட்டையான காலை டேப்பால் அளந்து, மற்ற மூன்றிலும் முஹ்ஸினா கோடு போட்டாள். தங்கபுஷ்பம் அறுத்தாள். அவள் களைத்தபோது இசக்கிப்பாண்டி வாங்கிக்கொண்டான், கல்லில் கிடந்த பரோட்டா கருகியதைக்கூட அவன் கவனிக்கவில்லை. மூன்று மேசை முடிந்து நாலாவதைக் கவிழ்க்கும்போது மருமகனிடமிருந்து போன் வந்தது.

"அத்தை, தண்ணி கூடிருச்சுன்னு அருவியில தடை போட்டுட்டாங்க. அப்பா ஒரே கடுப்புல இருக்காரு. நேரா கடைக்கு வாறோம், பத்து நிமிஷம்."

குளிக்க வந்து குளிக்க முடியாத மனுஷனைவிடக் கோபக்காரன் குற்றாலத்தில் கிடையாது. அறுத்த மேசையில் ஒன்றைத் தூக்கி நடு இடத்தில் வைத்தார்கள். ஆடியது. மெல்லத் திருப்பினார்கள், ஆட்டம் குறைந்தது. இன்னும் ஒரு விரல்கடை. இன்னும் கொஞ்சம். முஹ்ஸினா மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள்.

மேசை அசையவில்லை.

தங்கபுஷ்பம் இரண்டு கையாலும் அமுக்கினாள், பிறகு ஏறியே உட்கார்ந்தாள். அசையவில்லை. "ஏ யம்மா, நிக்குதுட்டி!" என்று முஹ்ஸினாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள். முஹ்ஸினாவின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. நாலு வருஷமாகக் கரும்பலகையில் சொல்லிக்கொண்டிருந்தது உண்மைதான் என்று இன்றைக்குத்தான் அவளே பார்க்கிறாள். மற்ற இரண்டு மேசையும் இதே மாதிரி ஆளுக்கொரு கோணத்தில் நின்றன. பார்க்கத்தான் சந்தையில் விட்ட மாடுகள் மாதிரி திசைக்கு ஒன்றாகக் கிடந்தன.

கார் வந்தது. மாரிச்செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். பின்னால் வெள்ளை வேட்டியோடும் நனையாத தலையோடும் ஆவுடைநாயகம் இறங்கினார். தங்கபுஷ்பம் கும்பிட்டு, நடு மேசையில் உட்கார வைத்தாள். இலை போட்டு, பரோட்டா வைத்து, கிண்ணத்தில் சால்னாவும் ஊற்றியாயிற்று. அவர் இலையைத் தொடவில்லை, மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சம்பந்தியம்மா, மேசை கோணலாக் கிடக்கு?" என்றார். தங்கபுஷ்பம் வாயைத் திறப்பதற்குள் முப்பது வருஷத்துப் பழக்கம் அவர் கையில் வந்துவிட்டது. உட்கார்ந்தபடியே மேசையின் ஓரத்தைப் பிடித்து ஒரு இழுப்பு. மேசை சுவருக்கு நேராக, நூல் பிடித்தாற்போல் வந்து நின்றது. திருப்தியாக முழங்கையை ஊன்றினார்.

மேசை சாய்ந்தது. சால்னாக் கிண்ணம் அவர் மடியைப் பார்த்து நகர்ந்தது. "அம்மா!" என்று மாரிச்செல்வி அலறினாள்.

தங்கபுஷ்பம் ஒரே எட்டில் பாய்ந்து ஒரு கையால் கிண்ணத்தை அமுக்கி, மறு கையால் மேசையைப் பிடித்தாள். "அண்ணாச்சி, எந்திங்க! மேசையோட சேந்து சுத்துங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில், நிலம் அளந்த ஆவுடைநாயகம் என்ன ஏது என்று கேட்காமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுற்றினார். எதிரே இருந்த மருமகனும் சுற்றினான், அவள் புருஷனும் சுற்றினார். இலை, பரோட்டா, வெங்காயம் எல்லாம் சேர்ந்து சுற்றின. பழைய கோணத்துக்கு வந்ததும் அவள் கையை எடுத்தாள். "இப்பம் ஊணுங்க."

அவர் பயந்து பயந்து ஒரு விரலை வைத்தார். பிறகு கையை, பிறகு முழங்கையை. முழு பாரத்தையும் போட்டார். மேசை அப்படியே நின்றது. வேட்டியைப் பார்த்தார், ஒரு சொட்டு இல்லை.

"இது என்ன வேலை?" என்றார்.

"வேலை இல்லை அண்ணாச்சி, கணக்கு. பச்சத்தண்ணி இளஞ்சூட்டைத் தாண்டாமக் கொதிக்காதுல்லா? அந்தரத்துல நிக்கித காலும் தரையைத் தொடாமக் கீழ போவ முடியாது" என்று தங்கபுஷ்பம் கல்லூரியில் பாடம் எடுக்கிறவள் போல விளக்கினாள். முஹ்ஸினா ஒரு ஓரமாக நின்று வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆவுடைநாயகம் நம்பவில்லை. எழுந்து போய் அடுத்த மேசையை நேராகத் திருப்பினார், ஆடியது. கோணலாகத் திருப்பினார், நின்றது. மூன்றாவதும் அப்படியே. நாலாவது எவ்வளவு சுற்றியும் நிற்கவில்லை. "பாத்தியளா, பாத்தியளா" என்று ஜெயித்த குரலில் சொன்னவரிடம் முஹ்ஸினா டேப்பை நீட்டினாள். கால்களை அளந்து பார்த்தார். அளந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ரம்பம் எங்கன இருக்கு?" என்றார். வெள்ளை வேட்டி முழுக்க மரத்தூள் ஆனதை அவர் தட்டிக்கூட விடவில்லை. அந்த மேசையும் நின்றபோது, பிள்ளைகள் மாதிரி கையைத் தட்டினார்.

பிறகு வந்து உட்கார்ந்து, ஆறிப்போன பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்து வாயில் வைத்தார். இசக்கிப்பாண்டி சூடாகப் போட்டு வைத்ததை இன்னும் நாலு வாங்கிக்கொண்டார். தங்கபுஷ்பம் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாயையும் எண்ணிக்கொண்டிருந்தாள். கை நனைத்தாயிற்று. ஆனாலும் மருமகளை அனுப்புகிறேன் என்ற அந்த ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. கேட்கவும் அவளுக்குத் தைரியம் இல்லை.

கை கழுவிவிட்டு வந்தவர் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார். "சம்பந்தியம்மா, உங்க வீட்டுத் தரையும் இப்படி மேடும் பள்ளமும்தானா?"

இதற்கும் ஒரு குற்றம் வைத்திருக்கிறாரோ என்று பயந்தாள். "பாறை மேல கட்டுன வீடுதான் அண்ணாச்சி. கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்."

"அப்பம் பிள்ளைக்குப் போடுத கட்டிலைச் சுவத்தோரம் நேராப் போட்டுராதீய. ஆடாத கோணம் பாத்துப் போடுங்க. வளைகாப்பு முடிஞ்ச அன்னைக்கே கூட்டிக்கிட்டு வந்திருங்க."

மாரிச்செல்வி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தங்கபுஷ்பம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்து முஹ்ஸினா, "அக்கா, ஒரு சின்ன விஷயம். கட்டில் சதுரம் இல்லையே, நீளம்லா? அதுக்குக் கால்வாசிச் சுத்து போதாது, அரைச்சுத்து வரைக்கும் போவ வேண்டி வரலாம்" என்று ஆரம்பித்தாள்.

"கட்டில் சுத்தலைன்னா வீட்டைத் திருப்பி வைக்கேன்டீ" என்று சொல்லி, தங்கபுஷ்பம் அவள் வாயில் ஒரு துண்டு பரோட்டாவைத் திணித்தாள்.